மரக்காலணி மரம்: இல்லத்தில் காண வழி

திரைப்படக் கலை தோன்றி நூறாண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, 1995-ஆம் ஆண்டில் திருப்பீடச் சமூகத் தொடர்பு மன்றம் 45 சிறந்த படங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று, இத்தாலியராகிய எர்மான்னோ ஓல்மி 1978-இல் ஆக்கிய 'மரக்காலணி மரம்'. அவ்வாண்டே கான் விழாவில் தங்கப் பனையோலை விருதைப் பெற்றது. ஆயினும் அதனைக் காண விரும்பும் குடும்பங்கள், எங்கே தேடுவதென்று அறியாது கைவிட்டுவிடுகின்றன.

கதை எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. பெர்காமோ வட்டாரப் பண்ணையொன்றில் நான்கு குடியானவர் குடும்பங்கள் வாழ்கின்றன. விளைச்சலில் மூன்றில் இரு பங்கு நிலக்கிழாருக்கு! பங்குக் குருவின் சொற்கேட்டு, பத்திஸ்தி தன் மகன் மினெக்கைப் பள்ளிக்கு அனுப்புகிறான். நெடுந்தொலைவு நடக்கும் சிறுவனின் மரக்காலணி ஒருநாள் உடைகிறது. தந்தை மறைவாக ஒரு மரத்தை வெட்டிப் புதியது செதுக்குகிறான். மரமோ நிலக்கிழாருடையது. அதற்கு அக்குடும்பம் கொடுத்த விலையைப் படத்திலேயே காண்க. நோயுற்ற பசுவுக்காக ஏழைக் கைம்பெண் மன்றாடும் காட்சி ஒன்றுக்காகவே இப்படத்தைத் தேடலாம் என்போம். நடித்தோர் அனைவரும் அவ்வட்டாரத்து எளிய மக்களே.

ஆங்கிலப் பெயரான 'தி ட்ரீ ஆஃப் உடன் க்ளாக்ஸ்' என்பதை மட்டும் நம்பற்க. 'லால்பெரோ தெல்யி த்ஸொக்கொலி' என்ற மூலப்பெயரோடு, இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுக. எந்தப் படம் எந்தச் சேவையில் உள்ளதென 'ஜஸ்ட்வாட்ச்' இணையத்தளம் நாடுவாரியாகக் காட்டும். காட்டும் உரிமை நாடுதோறும் தனித்தனியே விற்கப்படுவதால், அயல்நாட்டு உறவினர் காணும் படம் நமக்குக் கிட்டாமற் போகலாம். இம்மாதம் இல்லாதது அடுத்த மாதம் வரவும் கூடும்.

அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2017-இல் இதன் புதுப்பிக்கப்பட்ட வடிவத்தைத் தட்டாக வெளியிட்டது. உறவினரிடம் சொல்லிவிடுமுன் ஒன்று கவனிக்க. புளூ-ரே தட்டுகளில் அமெரிக்கா 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். டிவிடியில் முறையே 1, 5. எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் கருவி இல்லையேல் வாங்கிய பணம் வீணே. களவுப் பிரதிகளோ எளிதில் அகப்படும்; ஆனால் மரத்தை வெட்டிய பத்திஸ்திக்கு இருந்த இன்றியமையாமை நமக்கில்லை.

இதற்குப் பெர்காமோ வட்டார வழக்கிலும் பொது இத்தாலியத்திலும் இரு ஒலிவடிவங்கள் உண்டு. முன்னதையே தெரிவு செய்க. ஆங்கில வரிகளைப் படிக்க இயலாத பெரியோர்க்குப் பிள்ளைகளில் ஒருவர் தமிழில் சொல்லிவரலாம். மூன்று மணி நேரத்திற்கும் மேற்பட்ட படமாதலால், இரு மாலைகளாகப் பிரித்துக்கொள்வது நலம்.