பெர்க்லியில் இடம் கிடைத்தாயிற்று, அறையும் வகுப்பும் எப்போது?

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 3ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு பெர்க்லி பல்கலைக்கழகத்தை உலுக்கிவிட்டது. அங்கே மாணவர் எண்ணிக்கை 2020-21இல் இருந்த 42,347ஐத் தாண்டக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் வரம்பு கட்டியிருந்தது. அதை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஆளைச் சேர்த்துக்கொண்டே போகிறீர்கள், தங்க இடம் கட்டவில்லை, வாடகையும் சத்தமும் குப்பையும் எங்கள் தலையில் விழுகின்றன என்பது அவர்கள் வாதம். வரம்பு அப்படியே நின்றிருந்தால் அந்த ஆண்டு 3,050 இடங்கள் பறிபோயிருக்கும். மாநிலச் சட்டமன்றம் அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. ஆளுநர் கேவின் நியூசம் மார்ச் 14இல் கையெழுத்திட்டார். வரம்பு போய்விட்டது. இடப் பற்றாக்குறை மட்டும் இன்றும் இருக்கிறது.

ஆண்டுதோறும் அனுமதிக் கடிதம் வந்த கையோடு புது மாணவர்களின் கேள்விகள் தொடங்கிவிடும். எந்த விடுதி நல்லது? மூன்று பேர் அறையா, இரண்டு பேர் அறையா? கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் கிடைக்குமா? கேட்பவர்களில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கிளம்பும் பிள்ளைகள் உண்டு. கலிஃபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டியது, அனுமதிக் கடிதம் தருவது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே என்பதுதான். அறைக்குத் தனி வரிசை, வகுப்புக்குத் தனி வரிசை. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு கெடு.

முதலாண்டில் சேரும் இளநிலை மாணவருக்குக் கவலை குறைவு. சேருவதை உறுதிசெய்துவிட்டு, கெடுவுக்குள் விடுதிக்கு விண்ணப்பித்தால் ஓராண்டுக்கு இடம் நிச்சயம். எந்த விடுதி என்பதைக் கணினி ஒதுக்கீடு முடிவுசெய்யும். நீங்கள் விருப்ப வரிசை மட்டும் கொடுக்கலாம். யூனிட் 1, 2, 3 என்று பெயரிட்ட அடுக்குமாடிகள் வளாகத்தின் தெற்கே, டெலிகிராஃப் அவென்யூவின் சந்தடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நண்பர்கள் சீக்கிரம் கிடைப்பார்கள், தூக்கம் சற்றுத் தாமதமாகக் கிடைக்கும். ஃபுட்ஹில், ஸ்டெர்ன் இரண்டும் வடகிழக்கு மேட்டில் உள்ளவை. பொறியியல் கட்டிடங்களுக்குக் கிட்டம். திரும்பி வரும்போது ஏற்றம். கிளார்க் கெர் வளாகம் தென்கிழக்கே ஒதுங்கி இருக்கிறது. ஒரு காலத்தில் செவித்திறனற்றோர், பார்வையற்றோர் பள்ளிகள் இருந்த ஸ்பானியப் பாணி ஓட்டுக் கட்டிடங்கள் அவை. அமைதி வேண்டுபவருக்கு ஏற்ற இடம், நடக்கத் தயாராக இருந்தால்.

இருவருக்கென்று கட்டிய அறைகள் பலவற்றில் இப்போது மூவர் இருக்கிறார்கள். செலவு குறைவது அப்படித்தான். விடுதியோடு சாப்பாட்டுத் திட்டமும் கட்டாயம் சேரும். இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய இருபதாயிரம் டாலர் ஆகும். சைவம் சாப்பிடுபவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் அறைக்குள் மின் அடுப்பு வைத்துச் சமைக்க முடியாது. குளிர்கால விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா என்பது கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறும். இந்தியாவுக்கு வந்துபோக டிக்கெட் எடுக்காதவர்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிப்பது அவசியம்.

எந்த விடுதி என்ற கேள்விக்கு இவ்வளவு போதும். எதில் போட்டாலும் ஒன்பது மாதம் ஓடிவிடும். கேட்கவேண்டிய கேள்வி இரண்டாம் ஆண்டில் எங்கே தங்குவது என்பது. அதைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை.

முதலாண்டினருக்கு இரண்டாண்டு விடுதி தர வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் நீண்டகால இலக்காக வைத்திருக்கிறது. ஆனால் மொத்த மாணவர்களில் கால்வாசிப் பேருக்குக்கூட அதனிடம் படுக்கை இல்லை. புதிதாகக் கட்டுவதும் எளிதல்ல. பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவில் சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டப்போவதாக 2018இல் அறிவித்தார்கள். 1969இல் அந்த இடத்துக்காக மாணவர்களும் போலீசும் மோதியதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். போராட்டம், வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து, உச்ச நீதிமன்றத்தில் பல்கலைக்கழகம் வென்றபோது 2024 ஜூன் ஆகிவிட்டது. வேறு கல்லூரிகளில் படித்துவிட்டு இடையில் மாறி வருபவர்களுக்காக அதே ஆண்டில் திறந்த ஆங்கர் ஹவுஸ் ஒரு நன்கொடையால் எழுந்த கட்டிடம்.

ஆகவே இரண்டாம் ஆண்டில் பெரும்பாலோர் ஊருக்குள் வாடகைக்குப் போகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பது வழக்கம். ஒப்பந்தம் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்துக்கு. படிப்போ ஆகஸ்ட் முதல் மே வரைதான். கோடை மாத வாடகையை ஈடுகட்ட அறையை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவார்கள், அதற்கு ஒப்பந்தம் இடம் தர வேண்டும். முன்பணத்தில் மட்டும் ஆறுதல் உண்டு. 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஓரிரு வீடுகள் மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு இரண்டு மாதம் வரை அனுமதி. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது நம்ப முடியாத சேதியாக இருக்கும். ஆனால் அங்கே கடன் வரலாறு கேட்பார்கள், அமெரிக்காவில் வருமானம் உள்ள ஒருவரின் உத்தரவாதக் கையெழுத்துக் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து புதிதாகப் போனவரிடம் இரண்டும் இருக்காது. இங்கிருந்தே வீடு தேடுபவர்களை ஏமாற்றும் கூட்டமும் உண்டு. வீட்டை நேரிலோ வீடியோ அழைப்பிலோ காட்ட மறுத்துப் பணத்தை மட்டும் அனுப்பச் சொல்பவருக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

விடுதிக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. என் கணக்கில் அதுதான் சிறந்த வழி. பெர்க்லி மாணவர் கூட்டுறவுச் சங்கம் 1933இல், பொருளாதார மந்தத்தின் நடுவில், மாணவர்களே தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானதல்ல. ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் அதன் வீடுகளில் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போல ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும்: பாத்திரம் கழுவுவது, சமைப்பது, மளிகை வாங்குவது, கழிப்பறை சுத்தம் செய்வது. அந்த உழைப்பால்தான் கட்டணம் விடுதியைவிடக் குறைகிறது. வீட்டில் ஒரு தட்டைக்கூட எடுத்து வைக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் மாதம் அழுகை வரலாம். வரட்டும். இதற்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. முதலாண்டிலேயே பெயர் கொடுத்துவிடுவது நல்லது. 1930இல் திறந்த இன்டர்நேஷனல் ஹவுஸில் வெளிநாட்டு மாணவர்களும் அமெரிக்க மாணவர்களும் கலந்து தங்குகிறார்கள். அதற்கு விண்ணப்பம் தனி.

அடுத்தது வகுப்பு. நம் ஊரில் சேர்ந்த அன்றே கால அட்டவணை கையில் வந்துவிடும். அங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் மாணவரே கால்சென்ட்ரல் என்ற தளத்தில் பாடங்களைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் ஒதுக்குவார்கள். அதற்கு முன்னால் கதவு திறக்காது. முதல் கட்டத்தில் பொதுவாக 13.5 கிரெடிட் வரைதான், இரண்டாம் கட்டத்தில் 17.5 வரை. எனவே எந்தப் பாடம் சீக்கிரம் நிரம்புமோ அதை முதல் கட்டத்தில் எடுப்பதுதான் சூட்சுமம். மூத்தவர்கள் வசந்தகாலத்திலேயே பதிந்துவிடுகிறார்கள். புதியவர்கள் கோடையில் வருவதால் அவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைப்பதுண்டு.

விரிவுரையில் இடம் இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது அதனுடன் இணைந்த கலந்துரையாடல் பிரிவில். அந்தச் சிறு பிரிவு நிரம்பிவிட்டால் விரிவுரையும் கிடைக்காது. பிடித்த நேரத்தை விட்டுக்கொடுத்துக் காலை எட்டு மணிப் பிரிவை எடுப்பவர் உள்ளே போவார். சிஎஸ் 61ஏ என்ற புகழ்பெற்ற அறிமுகப் பாடத்தில் ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்திருக்கிறார்கள். வளாகத்தின் மிகப் பெரிய விரிவுரைக் கூடமான வீலர் அரங்கில் எழுநூறு பேர்போல்தான் அமர முடியும். மீதிப் பேர் அறையில் இருந்தபடி பதிவைப் பார்க்கிறார்கள். மொழி வகுப்புகள் இதற்கு நேர்மாறாகச் சிறியவை. புறநானூற்றை ஆங்கிலத்தில் தந்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹார்ட் பல்லாண்டு தமிழ் கற்பித்த பல்கலைக்கழகம் இது.

எத்தனை கிரெடிட் எடுப்பது? பட்டத்துக்கு 120 வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர் பருவத்துக்கு 12க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேர உழைப்பு என்பது கணக்கு. 15 எடுத்தால் 45 மணி நேரம். முதல் பருவத்திலேயே 18, 20 என்று அள்ளிப்போடுவது வீண் வீம்பு. அதோடு, இறுதித் தேர்வின் நேரம் வகுப்பு நேரத்தைப் பொறுத்து முன்பே குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு தேர்வுகள் மோதுகின்றனவா என்பதைப் பதியும் அன்றே பார்த்துவிட வேண்டும். அட்டவணையில் பத்து மணி என்றிருந்தால் வகுப்பு 10.10க்குத் தொடங்கும், அது அங்கே ஊறிப்போன வழக்கம்.

எச்சரிக்கை ஒன்று. ஏதாவது ஒரு துறையில் சேர்ந்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023இல் சேர்ந்த அணியிலிருந்து அந்தப் பாதை மிகக் குறுகிவிட்டது. அனுமதி பெறும்போதே அந்தத் துறையில் சேர்வதுதான் இப்போது முறை. மாறலாம் என்ற நம்பிக்கையில் இந்தியாவிலிருந்து லட்சங்களைக் கட்டுவது சூதாட்டம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் கட்டுவது நீங்கள்தான் என்றாலும், மகளின் மதிப்பெண்ணையோ பாடப்பதிவையோ கேட்டு நீங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், அவள் சம்மதம் இல்லாமல் பதில் வராது. மாணவர் தனியுரிமைக்காக 1974இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அப்படி. பதிவு நேரம் கலிஃபோர்னியாவில் காலை என்றால் இங்கே இரவு. அந்த நேரத்தில் போன் போட்டு "கிடைச்சுதா?" என்று கேட்காதீர்கள். அவள் பதிந்து முடிக்கட்டும்.