புயலுக்கு முன் விவேகம்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்ததும் நம் கடற்கரையூர்களில் மக்களின் பேச்சே மாறிவிடுகின்றது. மீன் விலையும் வலைச் செலவும் பின்னுக்குப் போய், "நாகையில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்?" என்பதே வீட்டுக்கு வீடு கேள்வியாகின்றது. மார்கழி பாதி கழியும்வரை இந்த ஏக்கம் தணிவதில்லை.

இத்தகைய நாட்களில் விசுவாசிகள் பலர் நம்மிடம் வந்து கூறுவது ஒன்றுண்டு. "சாமி, ஆண்டவர் காக்கச் சித்தமானால் எங்கிருந்தாலும் காப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவது விசுவாசக் குறைவு அல்லவா?" என்கின்றனர். பக்தியோடு கேட்கப்படும் கேள்வியாதலால் இதைச் சிரித்து ஒதுக்குவதற்கில்லை. இதற்கு நேரிய விடை தெரியாமற்போனால் உயிர்களே போய்விடும். நாமும் ஒருமுறை இக்கேள்வியில் இடறினோம் என்பதை இங்கே ஒளியாமல் கூறிவிடுகிறோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. அந்நாளில் நாம் அப்பகுதிக் கடலோரப் பங்கு ஒன்றில் இருந்தோம். முந்தின நாள் பிற்பகல் கோவில் மணியை அடிக்கச் செய்து, "குடிசைகளில் இருப்போர் அனைவரும் இரவு கோவிலுக்கு வந்துவிடுங்கள், செபமாலை செய்துகொண்டிருப்போம்" என்று அறிவித்தோம். நம் முன்னோர் எழுப்பிய பழைய கோவில். எத்தனையோ காற்றைக் கண்டது. அதைவிடப் பத்திரமான இடம் எது என்று எண்ணினோம்.

அப்போது முதிய உபதேசியார் நம்மைத் தனியே அழைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமி, கோவில் ஆண்டவர் வீடுதான். ஆனால் ஓடு போட்ட வீடு. பள்ளிக்கூடம் காங்கிரீட் கட்டிடம், மேட்டிலும் இருக்கிறது."

முதலில் நமக்குச் சற்றுக் கோபமே வந்தது. கோவிலை விட்டு மக்களை வேறிடம் போகச் சொல்வதா என்று மனம் முரண்டியது. ஆயினும் சிறிது நேரம் சிந்தித்தபின் அவர் சொற்படியே செய்தோம். மக்களைப் பள்ளிக்கு அனுப்பினோம். இறுதியில் பேழையிலிருந்து திவ்விய நற்கருணையையும் எடுத்துக்கொண்டு அங்கேயே சென்றோம். வழியில் மெழுகுவர்த்தி நான்கு அடிகூட எரியவில்லை.

மறுநாள் காலையில் கோவிலைத் திறந்து பார்த்தபோது கூரையின் பெரும்பகுதி பீடத்தின் முன்னே கிடந்தது. பெண்களும் பிள்ளைகளும் வழக்கமாகத் தரையில் அமரும் இடம் முழுவதும் உடைந்த ஓடுகள், முறிந்த சட்டங்கள். உபதேசியார் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. இருவரும் முழந்தாளிட்டோம்.

அன்று நாம் கற்ற பாடத்தைக் குருமடத்தில் முன்னரே படித்திருந்தோம், மனத்தில்தான் இறங்கவில்லை. தலையான புண்ணியங்கள் நான்கினுள் முதலாவது விவேகம். அந்த விவேகத்தின் முக்கிய உறுப்பு முன்யோசனை என்று புனித அக்குவினாஸ் தோமையார் கற்பிக்கின்றார். அதற்கு அவர் வழங்கும் இலத்தீன் சொல் 'புரொவிதென்சியா' என்பது. தேவ பராமரிப்பைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஆகவே, வரப்போவதை முன்னரே எண்ணித் தன் குடும்பத்தைக் காக்கும் தந்தை தேவ பராமரிப்பை அவமதிக்கவில்லை; அதில் பங்குகொள்கிறான். மாறாக, காக்கும் வழியைக் கண்முன்னே வைத்துக்கொண்டு அதை உதறிவிட்டு, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று அமர்ந்திருப்பது ஆண்டவரைச் சோதிப்பதாகும். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறு அலகை தூண்டியபோது நம் ஆண்டவர் மறுத்தது இதையே அன்றோ?

புனித சின்னப்பரின் கடற்பயணத்தை எண்ணிப் பாருங்கள். அப்போஸ்தலர் பணியின் 27ஆம் அதிகாரம் அதை விவரிக்கின்றது. கிரேத்துத் தீவின் துறையொன்றில் கப்பல் நின்றபோது, காலம் கடந்துவிட்டது, பயணம் வேண்டாம் என்று அவர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ மாலுமியையும் கப்பல் சொந்தக்காரனையும் நம்பினான். தென்காற்று மெல்ல வீசவே, நினைத்தது கைகூடிற்று என்று நங்கூரம் எடுத்தனர். சற்று நேரத்தில் பெருங்காற்று வந்து மோதிற்று. 14 நாள் அலைக்கழிந்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒருவர்கூட மாளமாட்டார் என்று தேவதூதர் வழியாக வாக்குறுதி கிடைத்துவிட்டது. அதன்பின் சின்னப்பர் கைகட்டி அமர்ந்தாரா? இல்லை. மாலுமிகள் படகை இறக்கி நழுவ முயன்றபோது தடுக்கச் செய்தார். பட்டினி கிடந்தவர்களை உண்ணும்படி வற்புறுத்தினார். கப்பல் உடைந்தபோது நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், தெரியாதவர் பலகைகளைப் பற்றியும் மால்த்தா தீவில் கரையேறினர். 276 பேரும் பிழைத்தனர். வாக்குறுதி வானத்திலிருந்து வந்தது. அது நிறைவேறியது பலகையாலும் கயிற்றாலும் ரொட்டியாலும்.

நம் நாட்டு அனுபவமும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இரண்டே நாள் இருக்கையில், கடல் பொங்கித் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலும் அலையில் மூழ்கி, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூரையிழந்த ஆலயச் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஒரிசாவில் 1999ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பைலின் என்னும் கடும் புயல் தாக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் புகலிடங்கள் கட்டப்பட்டிருந்தன. பத்து இலட்சம் பேரளவில் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். ஆகையால் மாண்டவர் சில பத்துப் பேராகக் குறைந்தனர். நம் கஜா புயலிலும் கரை கடக்குமுன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குச் சென்றிருந்தனர். மாண்டவர்களுக்காக இன்றும் அழுகிறோம். தென்னைகள் சாய்ந்து வாழ்வே சாய்ந்த குடும்பங்களும் எத்தனையோ. ஆனால் அந்த எண்பதாயிரம் பேர் குடிசைகளிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

எச்சரிக்கை எட்டாதவர்களின் கதியையும் மறப்பதற்கில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கி புயல் குமரி முனையருகே வெகு விரைவில் உருவெடுத்தது. பல நாள் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. குமரி, திருவனந்தபுரம் கரையூர்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தலைவனை இழந்தன. எச்சரிக்கை கேட்கும் பேறு பெற்ற நாம் அதை அலட்சியம் செய்யலாமா?

புயலின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வதும் நலம். நம் பகுதிப் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. ஆகவே கிழக்கேயிருந்து வந்து கரையேறும் புயலின் வடபுறத்து ஊர்களில் காற்று கடலிலிருந்து வீசி, நீரை ஊருக்குள் தள்ளும். தென்புறத்திலோ கடல் உள்வாங்கவும் கூடும். உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கச் செல்லலாகாது. புயலின் நடுவே 'கண்' எனப்படும் காற்றில்லாத இடம் உண்டு. அது ஊரின்மேல் கடக்கும்போது, அதுவரை வாடையாக அடித்த காற்று சட்டென நின்றுவிடும். பின்னர் தெற்கேயிருந்து எதிர்க்காற்று புறப்படும். முதற்காற்றில் தளர்ந்த சுவரும் மரமும் இரண்டாம் காற்றில் விழும்.

கஜா இரவில் காற்று ஓய்ந்தபோது, "முடிந்தது சாமி, படகைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று இளைஞர் ஒருவர் எழுந்தார். முதிய மீனவர் ஒருவர் கதவில் முதுகைச் சாய்த்து அமர்ந்துகொண்டு, "பாதிதான் முடிந்திருக்கிறது, தம்பி. காற்று திரும்பும். உட்கார்" என்றார். இளைஞர் முணுமுணுத்தபடி அமர்ந்தார். கால் மணி நேரத்துக்குள் தென்காற்று வந்து கதவை அறைந்தது. அன்று அந்த முதியவரின் முதுகே ஓர் உயிரைக் காத்தது.

இனி, ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, அறிவிப்பை அறிதல். துறைமுகத்தில் 1, 2ஆம் எண் கூண்டுகள் தொலைவில் உள்ள புயலைக் குறிப்பன. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை நேரலாம் என்பன. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். 11ஆம் எண், வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்பதாகும். கைப்பேசியில் வரும் வதந்திகளை நம்பாமல் வானொலியையும் வானிலை நிலையத்தையும் நம்புங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077 என்ற எண்ணைக் குழந்தைகளுக்கும் கற்பியுங்கள்.

இரண்டாவது, மழைக்காலத்துக்கு முன்னரே ஆயத்தம். கூரைக் கட்டுகளை இறுக்குங்கள். வீட்டின்மேல் சாயும் கிளைகளை வெட்டுங்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம், படகுப் பதிவுச் சான்று, ஞானஸ்நானச் சான்று ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஒரே இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, எச்சரிக்கை வந்தபின். கடலுக்குச் செல்லாதீர்கள். படகுகளை மேட்டுக்கு ஏற்றி, இயந்திரத்தையும் வலைகளையும் அகற்றுங்கள். குடங்களில் நல்ல நீர் நிரப்புங்கள். அவல், பொரிகடலை, ரொட்டி, வழக்கமான மருந்துகள், கைவிளக்கு, தீப்பெட்டி, மாற்றுடை ஆகியன ஒரு பையில் இருக்கட்டும். கைப்பேசிக்கு முழுமையாக மின்னேற்றி வையுங்கள். ஆடுமாடுகளைக் கட்டுத்தறியில் விட்டுவிடாமல் அவிழ்த்து மேட்டுக்கு அனுப்புங்கள். வெளியேறுமாறு அதிகாரிகள் கூறினால் பகலிலேயே புறப்படுங்கள். இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காவது, புயல் இரவிலும் அதற்குப் பின்னும். மின்சாரத்தின் தலைமை விசையை அணைத்துவிடுங்கள். சன்னலருகே இராமல் உள்ளறையில் கூடியிருங்கள். காற்று ஓய்ந்தாலும், முறைப்படி அறிவிப்பு வரும்வரை வெளியேறாதீர்கள். காலையில் அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். இடிபாடுகளில் பாம்பு ஒதுங்கியிருக்கும். நீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள்.

ஐந்தாவதாக நாம் கூறுவதே அனைத்திலும் பெரிது. உங்கள் குடும்பம் பத்திரமாகிவிட்டது என்பதோடு கடமை முடிவதில்லை. தெருவின் கடைசி வீட்டில் யார் இருக்கிறார்கள்? தனியே வாழும் கைம்பெண், படுக்கையில் கிடக்கும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, காது கேளாதவர் இவர்களை யார் அழைத்துவருவது? புயலன்று மாலையில் இதை யோசித்தால் காலம் போதாது. ஒவ்வொரு அன்பியமும் ஐப்பசிக்கு முன்னரே இத்தகையோரின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பொறுப்பேற்கும் இளைஞர் ஒருவரின் பெயரை எழுதி வைக்கட்டும். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். காற்று சமயம் பார்த்து வீசுவதில்லை.

கஜா இரவில் பள்ளியில் தலைகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. ஆடுகளை விட்டுவர மனமில்லாமல் ஒரு மூதாட்டி குடிசையிலேயே தங்கிவிட்டார். இரண்டு இளைஞர்கள் சென்று, "பாட்டி, ஆடும் வரட்டும், நீயும் வா" என்று மூன்று ஆடுகளோடு அவரை அழைத்துவந்தனர். ஐந்தாம் வகுப்பில் ஆடுகள் இரவெல்லாம் கத்தின, எவரும் முகஞ்சுளிக்கவில்லை. விடிந்தபோது அக்குடிசை இருந்த இடத்தில் மண் மட்டுமே இருந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் அடக்கப் பூசையன்றோ செய்திருப்போம்?

அன்பார்ந்த குடும்பத்தினரே, செபமாலையை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. புயல் இரவில் பிள்ளைகளின் நடுக்கத்தைத் தணிக்கவும், பெரியோரின் மனத்தைத் திடப்படுத்தவும் அதற்கு நிகரானது வேறில்லை. ஆனால் கதவைத் தாழிட்டு, நீரை நிரப்பி, அயலாரை அழைத்து உட்கார்த்தி வைத்தபின் சொல்லும் செபமாலையே முழுமையான செபமாலை. கடலின் விண்மீனாம் அன்னை மரியா வழிகாட்டுகின்றார். சுக்கானைப் பிடிப்பது நம் கையே. இம்மாதமே உங்கள் அன்பியம் கூடும்போது ஒரு தாளை எடுங்கள். தெருவின் கடைசி வீட்டிலிருந்து பெயரெழுதத் தொடங்குங்கள்.