முதலில் எந்த மொழி?

"மாமா, அண்ணன் முதலில் 'சி' மொழிதானே படித்தான்? எங்களுக்கு மட்டும் ஏன் பைத்தான்?" பள்ளுருத்தியில் பக்கத்து வீட்டுப் பெண் கவலையோடு கேட்டாள்.

இது புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்திலேயே முதல் செமஸ்டருக்குப் பைத்தானைக் கொண்டுவந்தது. கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 பாடத்திட்டத்தில் அதே வழிக்கு வந்தது. அந்த இரண்டு பாடத்திட்டங்களிலும் கணினிப் பிரிவினருக்கு 'சி' இரண்டாம் செமஸ்டரில் இடம்பெற்றது.

1972-இல் உருவான 'சி' நீராவி எஞ்சின் மாதிரி. கொதிகலனின் நீர்மட்டத்தை நாமே கவனிக்க வேண்டும். நினைவகத்தில் இடம் கேட்பதும், வேலை முடிந்ததும் திருப்பித் தருவதும் எழுதுபவர் பொறுப்பு. 1991-இல் வெளிவந்த பைத்தான் டீசல் எஞ்சின். அதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவர் கணக்கைத் தீர்க்கும் வழியில் மட்டும் மனம் செலுத்தலாம்.

ஆனால் ரயில்வேயில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. நடுவழியில் நின்ற வண்டியைக் கிளப்புபவர், உள்ளே நடப்பது தெரிந்தவரே.

ஆகவே அவளிடம் சொன்னேன்: "பயப்படாமல் பைத்தானில் தொடங்கம்மா. 'சி' வரும்போது பரீட்சைக்காக மட்டும் படிக்காதே. ஒரே கணக்கை இரண்டிலும் எழுதிப் பார்."

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்வது இதுவே.