மோனாலிசாவை எடுத்தவர் யார்?

விக்கிமீடியா பொதுவகத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன, பெரும்பாலானவை படங்கள். 2004-இல் தொடங்கிய களஞ்சியம் இது. எவரும் ஏற்றலாம், உரிம விதிப்படி எவரும் எடுத்தாளலாம். தேடும்போதுதான் தலைவலி. படங்களைப் பிரித்து வைக்கும் பகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. விளக்கமோ ஏற்றியவருக்குத் தெரிந்த மொழியில். ஜப்பானியர் ஒருவர் தம் மொழியில் நாலு வரி எழுதி ஏற்றிய பூனைப் படம், தமிழில் ‘பூனை’ என்று தேடுபவருக்கு அகப்படாது.

2019-இல் இதற்கு ஒரு வழி பிறந்தது. விக்கிமீடியாவின் தரவுத்தளமான விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. வீட்டுப்பூனை க்யூ146, தாஜ் மகால் க்யூ9141. பொதுவகக் கோப்பில் ‘இப்படத்தில் இருப்பது’ என்ற கட்டத்தில் க்யூ146 என்று குறித்துவிட்டால், அந்த எண்ணுக்கு எந்தெந்த மொழியில் பெயர் இருக்கிறதோ அத்தனையிலும் படம் சிக்கும். எடுத்தவர், நாள், இடம், உரிமம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள்.

பூனையோடு நின்றால் சுலபம். மோனாலிசாவின் ஒளிப்படக் கோப்புக்கு வாருங்கள். ‘உருவாக்கியவர்’ என்று யாரைப் போடுவது? லியொனார்டோ டா வின்சியையா, லூவர் அருங்காட்சியகத்தில் கேமராவோடு நின்றவரையா? நாள் எது? ஓவியத்தின் விவரத்தையும் ஒளிப்படத்தின் விவரத்தையும் ஒரே இடத்தில் திணித்தால், 1503-இல் எடுத்த வண்ணப் புகைப்படம் என்று கணினி கூசாமல் சொல்லும். அதனால் ஓவியத்தின் விவரங்களை விக்கித்தரவில் க்யூ12418-இன் கீழ் வைத்துவிட்டு, கோப்பில் ‘அந்த ஓவியத்தின் எண்ணிமப் படி’ என்று சுட்டுகிறார்கள். இந்த ஏற்பாட்டிலேயே ஆகச் சிறந்த யோசனை என்று நான் நினைப்பது இதைத்தான்.

சரி, இத்தனை கோடிப் படங்களுக்கு யார் எண் போடுவது? படமறியும் மென்பொருள் பரிந்துரைக்க, தன்னார்வலர் ஏற்கவோ தள்ளவோ செய்யும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தார்கள். பொத்தாம்பொதுவான குறிப்புகள் குவிகின்றன என்று பயனர்கள் முறையிட்டார்கள். கோயில் படத்தில் வானமும் இருக்கிறது, உண்மைதான். வானத்தைத் தேடி யார் அந்தப் படத்துக்கு வரப்போகிறார்கள்? கருவி கைவிடப்பட்டது. இப்போது கட்டங்களை மனிதர்கள் நிரப்புகிறார்கள். பழைய விளக்கப் பெட்டிகளில் இருக்கும் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் வாரிவந்து சேர்க்கும் வேலையைச் சில தானியங்கி நிரல்கள் பார்த்துக்கொள்கின்றன.