ஐந்தே தடவை கரண்டு! கதிர்வீச்சு அறைக்குள் ஒரு ரவுண்டு

உள்ளே போகும் பாதையே வளைந்து திரும்புகிறது. மதுரையில் ஒரு புற்றுநோய் மையம். கதிரைப் பாய்ச்சும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் இருக்கும் அறையைச் சுற்றிக் கனத்த கான்கிரீட் சுவர். கதிர் நேர்கோட்டில்தான் போகும். அதனால் பாதையை வளைத்து விட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் மோதி மோதிச் சோர்ந்துபோகும் என்று இயற்பியலாளர் சொன்னபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆமாம், மருத்துவமனைக்குள் இயற்பியலாளர்! எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் ‘கரண்டு வைக்கிறது’ என்று பயந்து பயந்து பேசிக்கொள்ளும் அந்த வைத்தியத்துக்குப் பின்னால் இப்படி ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அவருடைய கம்ப்யூட்டர் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், காட்டினார்! மார்பின் சி.டி. ஸ்கேன், மெல்லிய வில்லை வில்லையாக. நடுவே பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள். மார்பகப் புற்றுக் கட்டியை எடுத்த குழியின் ஓரங்களில் சர்ஜன் பதித்துவிட்டு வந்த சின்னஞ்சிறு டைட்டானியம் கிளிப்புகள் அவை. டாக்டர் ஒவ்வொரு வில்லையிலும் அந்தக் குழியைக் கோடு போட்டு வளைக்கிறார். சுற்றிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடம் சேர்க்கிறார். அதுதான் குறி. மீதி மார்பு, நுரையீரல், இதயம் எல்லாவற்றுக்கும் கதிர் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டுகிறார்கள்.

இயந்திரத்தின் தலைக்குள் இருப்பதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். மெல்லிய டங்ஸ்டன் தகடுகள், இரண்டு வாழைச் சீப்புகளை எதிரெதிரே வைத்தாற்போல. ஒவ்வொன்றும் தனித்தனியே முன்னும் பின்னும் நகர்ந்து, கதிர் வெளிவரும் வாசலைக் குறியின் வடிவத்துக்கே வெட்டுகின்றன. ஆளைப் படுக்க வைக்கும் முன் ஒத்திகை வேறு! வெறும் அளவுக்கருவியின் மேல் அதே கதிரைப் பாய்ச்சி, கணக்கும் நிஜமும் பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறார்கள். இடது மார்பாக இருந்தால் “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா” என்று மைக்கில் குரல் வரும். நுரையீரல் விரிய, இதயம் மார்பை விட்டுச் சற்றே விலகும். அந்த இடைவெளியில் கதிர் பாயும். வலி துளியும் இல்லை.

மார்பு முழுக்கக் கதிர் தராமல் இந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் தந்தால் போதுமா? இதற்கான பதிலில் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஜெயந்த் வைத்யாவும் உடனிருந்தவர்களும் அகற்றப்பட்ட 30 மார்பகங்களை முழுசாக ஆராய்ந்தார்கள். 1996இல் வெளியான முடிவு: 19இல் கட்டிக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற்றுப் புள்ளிகள்! ஆனால் மார்பைக் காப்பாற்றிச் செய்யும் அறுவைக்குப் பிறகு நோய் திரும்பினால், பெரும்பாலும் பழைய கட்டி இருந்த இடத்தருகேதான் திரும்புகிறது. அப்படியானால் தூரத்துப் புள்ளிகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கின்றன. குழியைக் கவனித்தால் போதாதா?

லண்டனில் டாக்டர்கள் மைக்கேல் பாம், ஜெஃப்ரி டோபயாஸ் இருவரோடும் சேர்ந்து வைத்யா அந்தக் கேள்வியை ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டுபோனார். 1998 ஜூலை 2. கட்டியை எடுத்த குழிக்குள் ஒரு சின்ன உருண்டையை வைத்து, உள்ளிருந்தே அரைமணி நேரம் போல எக்ஸ்ரே. மயக்கம் தெளியும்போது கரண்டும் முடிந்திருக்கும்! பத்து நாடுகளில் 2,298 பெண்களிடம் நடந்த சோதனையில், இந்த முறைக்கு வந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அதற்குமேல் கதிர்வீச்சே தேவைப்படவில்லை. அந்தக் கருவி இந்தியாவில் மிகச் சில இடங்களில்தான் உண்டு.

பரவாயில்லை, வெளியிலிருந்து தரும் குறுகிய கதிரே அற்புதம் செய்திருக்கிறது. இத்தாலியின் ஃப்ளாரன்ஸில், சிறிய கட்டி இருந்த 520 பெண்கள். பாதிப் பேருக்கு மார்பு முழுக்க 25 தடவை, மீதிப் பேருக்குக் குழியைச் சுற்றி மட்டும் ஐந்தே தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். பத்து வருஷம் கழித்து அதே மார்பில் நோய் திரும்பியது முதல் கூட்டத்தில் 2.5 சதவீதம், இரண்டாவதில் 3.7 சதவீதம். பெரிதாகச் சொல்லும்படி வித்தியாசமில்லை. தோல் சிவந்து எரிவதோ ஐந்து தடவைக்காரர்களுக்குக் குறைவு. 65 தாண்டியவர்களில் சிலருக்கு அறுவைக்குப் பிறகு கதிரே இல்லாமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் போதும் என்ற வழிகூட இருக்கிறது. நோய் அதே இடத்தில் திரும்பும் வாய்ப்பு அதில் கூடுதல், ஆயுளில் வித்தியாசம் இல்லை.

இப்போது எங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர், அங்கிருந்து தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, மதுரை. எழுபது வயசு அப்பத்தா ஒருவர் இந்த வழியில் 25 தடவை போய்வர வேண்டுமென்றால், கூடப் போகும் மகளுக்கு அத்தனை நாளும் களத்து வேலைக் கூலி போச்சு. “மொத்தமா எடுத்துருங்கய்யா, அலைய முடியாது” என்று மார்பையே கொடுத்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஐந்து தடவை என்றால் மாட்டுக்குத் தீவனம் போட ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பலாம்! முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கதிர்வீச்சும் அடக்கம்.

எல்லாருக்கும் பொருந்தாது. கட்டி சிறியதாக, நெறிகட்டியில் பரவாததாக, ஹார்மோனுக்கு அடங்குவதாக இருக்க வேண்டும். டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் கேள்வியை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: “ஐயா, குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் கரண்டு வைக்க முடியுமா? அப்படியானா கிளிப் போட்டுருவீங்களா?” தையல் போட்ட பிறகு கேட்டால், அந்த வெள்ளைப் புள்ளிகளை வைக்க வழியில்லை.