எதிரியைக் காவலுக்கு வைத்த ஊர்

கால்பந்தாட்டத்தில் ஒரு கோஷ்டிக்குப் பதினொரு பேர். அவர்களில் பத்துப் பேர் செய்யும் பிழைகளை ஜனங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுகிறார்கள். முன்னணி ஆட்டக்காரன் ஒன்பது தடவை குறி தவறிப் பத்தாவது தடவை பந்தை வலைக்குள் அடித்துவிட்டால் போதும். அவனைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு கூத்தாடுவார்கள். கோல் கீப்பரின் கதி அப்படியன்று. ஒன்பது பந்துகளைப் பாய்ந்து பிடித்தவன் பத்தாவதைக் கோட்டை விட்டால், "இவனை யார் ஐயா காவலுக்கு வைத்தது?" என்று மைதானமே கேட்கும்.

ஆகையால், ஒரே சங்கத்தில் பல வருஷம் கோல் காத்தவனுடைய சரித்திரம் பெரும்பாலும் அவனைப் பற்றி ஜனங்கள் கொண்ட அபிப்பிராயங்களின் சரித்திரமாகவே இருக்கும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி என்னும் சங்கத்துக்கு 1949 முதல் 1964 வரையில் கோல் காத்த பெர்ட் டிரௌட்மன் என்பவரின் கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவருக்கும் ரசிகர்களுக்கும் நடந்த வழக்கு வெறும் பந்தைப் பற்றியது அன்று.

யார் இந்த மனிதர்?

டிரௌட்மன் 1923-ஆம் வருஷம் ஜெர்மனியில் பிரெமென் நகரில் பிறந்தவர். பத்தாவது வயதில் ஹிட்லர் கட்சியின் சிறுவர் படையில் சேர்ந்தார். யுத்தம் வந்ததும் பாராசூட் சிப்பாயாகி, ருஷ்யப் போர்முனையில் சுமார் மூன்று வருஷம் போரிட்டு, 'இரும்புச் சிலுவை' விருதும் பெற்றார். 1945-இல் பிரிட்டிஷ் துருப்புகளிடம் அகப்பட்டு, லங்காஷயர் ஜில்லாவில் ஒரு கைதி முகாமில் அடைக்கப்பட்டார்.

முகாமில் பொழுது போவதற்காகக் கைதிகள் பந்தாடினார்கள். டிரௌட்மன் அப்போது கோல் கீப்பர் அல்ல, நடுக்காவலில் ஆடுகிறவர். ஒரு நாள் காலில் அடிபட்டதால், கோல் காத்தவரோடு இடம் மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொண்ட இடமே பிறகு அவருக்கு நிலைத்துவிட்டது. 1948-இல் ஊருக்குத் திரும்பலாம் என்று சர்க்கார் அனுமதித்தபோது அவர் இங்கிலாந்திலேயே தங்கி, செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரின் கோஷ்டியில் சேர்ந்தார். அவர் ஆட்டத்தின் புகழ் சுற்று வட்டாரத்தில் பரவிற்று. 1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி சங்கத்தார் அவரை அமர்த்திக்கொண்டார்கள்.

வீதியில் கூடிய கூட்டம்

மான்செஸ்டர் என்றால் நம்மவர்களுக்கு மில் துணி ஞாபகத்துக்கு வரும். அந்த ஊராருக்கு அந்த நாளில் ஞாபகம் வந்தவை வேறு. 1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நகரத்தின் நடுப்பாகத்தை எரித்திருந்தன. எதிர்ச் சங்கமான மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமும் 1941-இல் குண்டுக்கு இரையாயிற்று; அந்தச் சங்கம் 1949 வரையில் சிட்டியின் மைதானத்தையே இரவல் வாங்கி ஆடிக்கொண்டிருந்தது. போர்முனையிலிருந்து திரும்பாத பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் உண்டு. அந்நகரில் யூதர்களும் ஏராளம். ஐரோப்பாவில் நாஜிகள் தங்கள் இனத்தாருக்குச் செய்த கொடுமையை அவர்கள் எப்படி மறப்பார்கள்?

இவ்வளவுக்கும் மேலே, டிரௌட்மன் வந்து நின்ற இடம் பிராங்க் ஸ்விப்ட் என்பவர் விட்டுச் சென்ற இடம். ஸ்விப்ட் ஊரின் செல்லப்பிள்ளை. இங்கிலாந்து தேசத்துக்கே கோல் காத்தவர். அவருடைய இடத்தில் ஒரு ஜெர்மன் பாராசூட் சிப்பாய்!

ஊர் கொதித்தது. சுமார் 20,000 பேர் வீதியில் கூடி ஆட்சேபித்ததாகச் சொல்வார்கள். சங்கத்துக்குக் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. பருவச் சீட்டு வாங்கியிருந்தவர்கள் இனி மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று பயமுறுத்தினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மகனைப் பறிகொடுத்த தகப்பனிடம் போய், "பழையதை மற" என்று உபதேசம் செய்ய யாருக்கு யோக்கியதை உண்டு?

யோக்கியதை உள்ள இருவர்

அப்படிச் சொல்லும் யோக்கியதை உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோஷ்டித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டவர் அவர். உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னிலையிலும் டிரௌட்மனை வரவேற்று, இந்த அறைக்குள் யுத்தம் இல்லை என்று தெரிவித்தார்.

மற்றவர் மான்செஸ்டர் யூதர்களின் மத குரு அலெக்ஸாண்டர் ஆல்ட்மன். இவரே ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதி. இவருடைய பெற்றோர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். இவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜெர்மானியர் செய்த கொடுமையை அவர் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தேசத்தின் பாபம் முழுவதையும் தனி மனிதன் ஒருவன் தலையில் சுமத்துவது நியாயம் அல்ல என்றும், ஒவ்வொருவனையும் அவனவன் குணத்தைக் கொண்டே மதிக்க வேண்டும் என்றும் வாதித்தார். அவ்வளவு இழந்தவரே இப்படி எழுதிய பிறகு, அவரைவிடக் குறைவாக இழந்தவர்கள் சற்று யோசிக்க வேண்டியதாயிற்று.

தோல்வியிலே பிறந்த அபிமானம்

இந்த இடத்தில், "ஆட்டத்தில் ஜயித்துக் கொடுத்தார், ஜனங்கள் மன்னித்துவிட்டார்கள். இதில் என்ன அதிசயம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நடந்ததோ வேறு. டிரௌட்மன் நவம்பரில் முதன்முதல் ஆடினார், சிட்டி தோற்றது. வெளியூர்களில் கூட்டத்தார் அவரை வசைமாரி பொழிந்தார்கள். மனம் கலங்கியோ என்னவோ, டிசம்பரில் டெர்பி நகரில் அவர் ஏழு கோல்கள் விட்டுக் கொடுத்தார். அந்தப் பருவத்தின் முடிவில் சங்கம் முதல் டிவிஷனிலிருந்தே கீழே தள்ளப்பட்டது!

ஆயினும் அந்தப் பருவத்திலேதான் ஜனங்களின் மனம் திரும்பத் தொடங்கியது. 1950 ஜனவரியில் லண்டனில் புல்ஹாம் கோஷ்டியோடு ஆட்டம். ஜெர்மன் குண்டுகளால் சிதைந்த நகரம் அது. ஆரம்பத்தில் கூட்டம் ஏசிற்று. சிட்டிக்குப் படுதோல்வி நிச்சயம் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். டிரௌட்மனோ வந்த பந்துகளையெல்லாம் இடமும் வலமும் பாய்ந்து தடுத்தார். ஒரே ஒரு கோலில்தான் சிட்டி தோற்றது. ஆட்டம் முடிந்தபோது லண்டன் ஜனங்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். இரு கோஷ்டி ஆட்டக்காரர்களும் இரு வரிசையாக நின்று அவருக்கு வழி விட்டார்கள்.

அடுத்த பருவத்தில் சிட்டி முதல் டிவிஷனுக்கு மீண்டது. இளமையில் கைப்பந்து ஆடிய பழக்கத்தால், டிரௌட்மன் பந்தைக் கண்மூடித்தனமாக உதைத்து அனுப்பாமல், தன் கோஷ்டியாரைக் குறி பார்த்து வீசுவார். அந்த வீச்சிலிருந்தே சிட்டியின் தாக்குதல் தொடங்கும். ஊரார் அதைப் பற்றிப் பெருமை பேசலானார்கள்.

கழுத்து ஒடிந்தும் ஆடியவர்

1956-இல் இங்கிலாந்தின் பத்திரிகை எழுத்தாளர்கள் அவரை அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மரியாதையைப் பெற்ற முதல் கோல் கீப்பர் அவரே. அதற்குச் சில நாள் கழித்து, மே 5-ஆம் தேதி, வெம்பிளி மைதானத்தில் கோப்பையின் இறுதி ஆட்டம். பர்மிங்ஹாம் சிட்டி எதிர்க் கோஷ்டி. முடிவதற்குச் சுமார் 17 நிமிஷம் இருக்கும்போது, பீட்டர் மர்பி என்பவரின் கால்களுக்கு முன்னால் டிரௌட்மன் பாய்ந்தார். மோதலில் கழுத்தில் பலத்த அடி. அக்காலத்தில் பதில் ஆள் இறக்க விதி கிடையாது. தள்ளாடிக்கொண்டே கடைசி வரையில் நின்று, மேலும் சில பந்துகளைத் தடுத்தார். சிட்டி 3-1 என்று ஜயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், கழுத்தெலும்புகளில் ஐந்து இடம் பெயர்ந்திருந்தன. ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. உயிர் தப்பியதே ஆச்சரியம் என்றார்கள் வைத்தியர்கள்.

இந்தச் செய்தி உலகமெல்லாம் பரவிற்று. அதே வருஷத்தில், சில வாரங்களுக்குள், அவருடைய சிறு வயது மகன் மோட்டார் விபத்தில் இறந்து போனான். அதை அறிந்தவர் எத்தனை பேர்?

திட்டும் உரிமை

டிசம்பரில் அவர் திரும்பி வந்து ஆடினார். பழைய உறுதி இல்லை. முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள். சில ரசிகர்களும் பத்திரிகைகளும் அவர் ஓய்வு பெறலாம் என்றார்கள். வேறு சிலர், உடம்பு தேறாதவரை ஆட விட்டது சங்கத்தாரின் தவறு என்று வாதாடினார்கள். 1957-58 பருவத்தில் சிட்டி லீக் ஆட்டங்களில் 104 கோல்கள் போட்டு 100 கோல்கள் வாங்கிற்று; லெஸ்டரில் ஒரே நாளில் டிரௌட்மன் எட்டு கோல்கள் விட்டார். முணுமுணுப்புக்குக் கேட்க வேண்டுமா?

ஆனால் இந்த முணுமுணுப்பை 1949-ஆம் வருஷத்துக் கூச்சலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று அவர் ஒரு பந்தையும் தொடுவதற்கு முன்னமே, "ஜெர்மானியன்" என்று ஏசினார்கள். எட்டு வருஷத்துக்குப் பின் எழுந்த வாதமெல்லாம் அவர் கழுத்தைப் பற்றியும், கையைப் பற்றியும், பந்தைப் பற்றியுமே இருந்தது. வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தவறினால் கடிந்துகொள்வோம். அவன் யாருடைய பிள்ளை என்று கேட்கமாட்டோம். மான்செஸ்டர்வாசிகள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குக் கரகோஷத்தைக் காட்டிலும் இந்தக் கடிந்துரையே உறுதியான அத்தாட்சி என்று நமக்குத் தோன்றுகிறது.

545 ஆட்டங்கள் ஆடிய பிறகு, 1964 ஏப்ரலில் அவருக்குப் பிரிவுபசார ஆட்டம் நடந்தது. டிக்கெட் கணக்குப்படியே 47,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆட்சேபிக்கக் கூடியவர்களைப் போல் இரண்டு மடங்குக்கு அதிகம்! அவர்களில் சிலராவது இரு கூட்டங்களிலும் நின்றவர்களாக இருந்திருப்பார்கள். 2004-இல் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு விருது அளித்தது. 2013-இல் ஸ்பெயின் தேசத்தில் அவர் காலமானார்.

ஜனக்கூட்டத்தின் மனம் காற்றாடி போன்றது என்று அறிஞர்கள் ஏளனம் செய்வதுண்டு. மாறாத மனமே உயர்ந்தது என்று நாமும் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். மான்செஸ்டர் ஜனங்கள் 1949-இல் கொண்ட அபிப்பிராயத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருந்தால், அதனால் யாருக்கு என்ன லாபம் என்பதை நேயர்களே யோசித்துப் பார்க்கட்டும்.