எம்மூர்ப் புறத்தே ஒரு பழங்கடல்

ஊர் வரலாறு எழுதப் புகுவார் பெரும்பாலும் கோயிற் கல்வெட்டில் தொடங்கிப் பாளையக்காரர் காலத்தைக் கடந்து இரயில் வந்த கதையோடு நிறுத்திக்கொள்வர். அரியலூருக்கும் அத்தகைய வரலாறு உண்டு. ஆயினும் அந்நகரின் புறத்தே, கல்லங்குறிச்சிச் சாலையை அடுத்த குடியிருப்புக்களில் வளர்ந்த எம்போல்வார்க்கு, இவை யாவற்றினும் பழைய வரலாறொன்று காலடியிலேயே கிடந்தது. அதனை யாம் படித்தோமல்லேம். அதனைக் கொண்டு விளையாடினோம்.

நன்மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் ஓடைக்கரைக்குச் சென்றால், மண் கரைந்த இடமெங்கும் கிளிஞ்சல்கள் வெளிப்பட்டுக் கிடக்கும். சில கொக்கிபோல் வளைந்து கனத்திருக்கும். சில உள்ளங்கை யகலம் விரிந்து வரிவரியாகத் தோன்றும். அரிதாகச் சுருண்ட கல்லொன்று அகப்படும். அதனை யாம் நத்தைக்கல் என்போம். சிறுமியர் வளைந்த கிளிஞ்சலைச் சொப்பு விளையாட்டில் அகப்பையாக்கிக் கொள்வர். உடையாத நத்தைக்கல் ஒன்றுக்குப் பத்துக் கோலிக்குண்டுகள் ஈடாகப் பேசப்பட்டதும் உண்டு.

வங்கக் கடலோ எம்மூரிலிருந்து கிழக்கே 80 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. பின் இக்கிளிஞ்சல்கள் வந்தவாறு யாங்ஙனம்? பாட்டிமாரைக் கேட்டால், “முன்னொரு பிரளயத்திலே கடல் இந்த ஊர் மட்டும் வந்து திரும்பிப் போச்சுதடா” என்பர். இவ்விடையைக் கேட்டு நகைப்பாரும் உளர். யாம் நகையோம். பிரளயம் என்ற சொல்லை நீக்கிக் கால அளவையும் திருத்திக்கொண்டால், அவர் கூறியது பெரும்பாலும் மெய்யே.

நிலவியலார் கூற்று இது: இந்தியா, அண்டார்ட்டிக்கா முதலியன ஒரே பெருநிலமாய் ஒட்டியிருந்து பின்னர்ப் பிரிந்தன. அப்பிரிவினால் நம் கீழைக்கரை ஓரமாக நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் கடல் புகுந்தது. ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளுள் ஏறிய அக்கடல், ஒருமுறை வந்து மீண்டதன்று. பன்முறை முன்னேறியும் பின்வாங்கியும், ஒவ்வொரு முறையும் களிமண்ணும் மணலும் சுண்ணாம்புக் கல்லுமாக அடுக்கடுக்காய்ப் படியவிட்டது. எம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல் அவ்வடுக்குகளுள் பிற்பட்டது. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுப் பழமையுடையது. யாம் அகப்பையாக்கிய வளைந்த கிளிஞ்சல், கிரைஃபியா எனப்படும் சிப்பி வகையின் ஓடு. ஆழங்குறைந்த கடலில் அவை கூட்டங்கூட்டமாய் வாழ்ந்து மடிந்தன; அவற்றின் ஓடுகள் குவிந்து இறுகியதே அக்கல்லின் பெரும்பகுதி. நத்தைக்கல்லோ நத்தையன்று. அது கணவாய்க்கு உறவான அம்மோனைட்டு என்னும் உயிரினது கூடு. அவ்வினம் இன்று உலகில் எங்கும் இல்லை.

இக்கற்களை முதலில் உலகறியச் செய்தவர் ஆங்கிலேயர். கே, கன்லிஃப் என்னும் இருவர் தென்னாட்டில் திரட்டிய கிளிஞ்சல்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து வெளியிட்டார். 1862இல் பிளான்போர்டு என்பார் இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அரியலூர்த் தொகுதியைப் பின்வந்தோர் மேலும் பகுத்துச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு எனப் பெயரிட்டனர். எம் தாய்மார் உறவினர் வீட்டுக்கும் சந்தைக்கும் நடந்துசென்ற சிற்றூர்களின் பெயர்கள், இங்ஙனம் அயல்நாட்டு நிலவியல் நூல்களிலும் ஏறி நிற்கின்றன. கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பெருந்தொகுதிகளாக வரைந்தவர் ஸ்டோலிஸ்கா. அவர் 1874இல் இமயத்துக்கு அப்பாலிருந்து திரும்பும் வழியில் இறந்தார்; லே நகரில் அடக்கஞ் செய்யப்பட்டார். எம் ஓடைக்கும் அக்கல்லறைக்கும் உள்ள தொடர்பை யாம் அறிந்தபோது, பள்ளிப் பருவம் கடந்து நெடுநாளாகியிருந்தது.

கல்லங்குறிச்சி என்றவுடன் ஊரார்க்கு நினைவில் எழுவது கலியுக வரதராசப் பெருமாளே. அங்கே கற்கம்பமே பெருமாளாக வழிபடப்படுகிறது. குடியானவர் தம் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொணர்ந்து செலுத்துவர். கல்லைத் தெய்வமாகப் போற்றும் அவ்வூரின் பெயரையே நிலவியலார் கல்லடுக்குக்கு இட்டது தற்செயலே எனினும் எமக்கு இனியதாயிருந்தது. முதியோர் காலத்தை அளந்த முறையையும் இங்கே கூறலாம். “ரயில் கவிழ்ந்த வருஷத்துக்கு முன்னா, பின்னா?” என்பதே அவர்தம் கணக்கு. 1956 நவம்பர் 23ஆம் நாள், மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் 2007இல் அதே நவம்பர் 23ஆம் நாளே.

இனி, கல் எங்கே போயிற்று என்பதைச் சொல்லவேண்டும். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் பொடித்துச் சேர்த்து, ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்தில் சூளையிலிட்டால் கட்டிகட்டியாய் இறுகும். அதனோடு சிறிது ஜிப்சம் கூட்டி அரைத்ததே சிமெண்டு. சிப்பி ஓடு மிகுந்த எம்மூர்க் கல் இதற்கு மிக ஏற்றது. 1979இல் அரசினர் ஆலை உற்பத்தி தொடங்கியது. தனியார் ஆலைகளும் சுற்றுப்புறத்தே எழுந்தன. சுரங்கக் குழிகளில் வெடி வைக்கும் நேரத்தில் வீட்டு அடுக்களையிற் பாத்திரங்கள் கலகலவென ஒலிக்கும். துளசி இலைமேல் வெண்துகள் படியும். எனினும் எம் தெருவில் அவ்வாலைகளாலும் லாரிகளாலும் உலை வைக்காத வீடுகள் சிலவே. அவ்வூதியத்தாலேயே எம்மிற் பலர் கல்லூரிப் படியேறினோம். ஆகவே ஆலையை வெறுமனே வைவது எமக்கு இயலாது; நேர்மையும் ஆகாது. மேலும், குழி தோண்டியதனால்தான் ஓடையில் உதிரியாய்க் கிடந்தவை மண்ணுள் எவ்வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பது கண்ணுக்குப் புலனாயிற்று. எம் குறை வேறு. வெடி வைக்குமுன் அவ்வடுக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்வார் பெரும்பாலும் இல்லை. 7 கோடி ஆண்டு கிடந்தது ஒரு பகலில் மூட்டையாகிறது. அதிற் கண்டது யாது என்னும் குறிப்பு எஞ்சுவது அரிது.

இஃது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. கீழணை 1836இல் கட்டப்பட்டபொழுது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோயினர். அணை உழவர்க்குப் பயன்பட்டது உண்மையே. மதில் போனதும் உண்மையே. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் ஆராய்ந்து பிருகத்காயசாரஸ் எனப் பெயரிட்டனர். நிலத்தில் வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம் என்பர். ஆனால் அவ்வெலும்புகள் நொறுங்கி அழிந்தன. எஞ்சியவை படங்களும் வருணனையுமே. 2020 அக்டோபரில் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்று மக்கள் திரண்டனர். வல்லுநர் வந்து, அவை முட்டைகளல்ல, அம்மோனைட்டைச் சார்ந்த கடற்படிவுக் கற்களே என்றனர். கூட்டம் கலைந்தது. முட்டை எனின் வியப்பு, கடலுயிர் எனின் வியப்பில்லை என்னும் இம்மனப்பான்மை எமக்கு விளங்கவில்லை.

காக்கப்பட்டதும் ஒன்றுண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. நிலத்தினின்று ஆற்றில் அடித்துவரப்பட்டு, அப்பழங்கடலில் அமிழ்ந்து, படிவுகளால் மூடுண்டு கல்லாகிய மரம் அது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் அதனை அறிவித்தார்; இன்று அது தேசிய நிலவியல் சின்னமாக வேலியிட்டுப் பேணப்படுகிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியிலும் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று அமைந்துள்ளது. விடுமுறையில் அவ்வழிச் செல்லும் மாணவர் இரண்டையும் காண்க. வயலிலோ ஓடையிலோ கிளிஞ்சலொன்று கண்டால், எடுக்குமுன் ஊர், இடம், எவ்வகை மண், அருகே வேறென்ன கிடந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. அக்குறிப்பில்லாத கிளிஞ்சல் ஆராய்வார்க்கு மிகுதியும் பயன்படாது.

எம்மிடத்தே பழைய தகரப் பெட்டியொன்றில் இளமையிற் சேர்த்தவற்றுள் ஏழு உள்ளன. நான்கு கிடைத்த இடத்தை இன்றும் காட்டக் கூடும். ஓடையின் மேற்கரை, பனைவரிசைக்கு அருகில். மற்ற மூன்றும் கிடைத்த கொல்லை இப்பொழுது குழியாகி, மழைநீர் நிறைந்து கிடக்கின்றது.